பாலக்காட்டு வெயிலில் ஒயின்: வழக்கமான பாட்டிலும் விசேஷப் பாட்டிலும்

கேட்டவர் பாலக்காட்டுப் பக்கத்து மீனாட்சிபுரத்துக்காரர். சனிக்கிழமை இரவு கணவனும் மனைவியும் ஆளுக்கு ஒரு கிளாஸ் ஒயின் குடிப்பது வழக்கம். வாங்குவது ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் இந்திய ரெட், இல்லாவிட்டால் வைட். பத்தாவது கல்யாண நாளுக்காக மூவாயிரத்தைத் தொடும் ஒரு ஷிராஸ் (அந்தப் பேருள்ள திராட்சையில் செய்த ரெட்) வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார். அவர் கேட்பது இரண்டு: இந்த விலைக்கு உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, அதை வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது? அன்றைக்கு மட்டன் பிரியாணியோடு அதைத் திறக்கலாமா?

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிரியாணியோடு திறக்காதீர்கள். சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னால், வாயில் மிளகாய் படுவதற்கு முன்பே அந்தப் பாட்டிலைத் திறங்கள். பிரியாணிக்கு உங்கள் வழக்கமான பாட்டில் போதும். போதும் என்ன, அதுதான் பொருத்தம். ஐரோப்பாவில் சாதாரண ஒயினில் தொடங்கி நல்லதைக் கடைசியில் கொண்டுவருவார்கள். அங்கே சாப்பாட்டில் மிளகாய்க் காரம் பெரும்பாலும் இல்லை, அதனால் அந்த வரிசை செல்லும். நம் வீட்டில் அதைத் திருப்பிப் போட வேண்டும்.

காரணத்தையும் சொல்கிறேன். காரம் என்பது வாய்க்கு ஒருவகைச் சூடு. மிளகாயில் உள்ள கேப்சைசினும் கொதிக்கிற தண்ணீரும் வாயில் தூண்டுவது ஒரே உணர்வாங்கியைத்தான். சாதாரணமாக அது 42 டிகிரி செல்சியஸ் பக்கத்தில்தான் விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் பட்டால் அந்த வரம்பு 34 டிகிரி வரை இறங்கிவிடுகிறது. நம் உடம்புச் சூடே 37. ஆக, மிளகாய் பட்ட வாயில் 14 சதவீத ஆல்கஹால் உள்ள ஷிராஸை ஊற்றினால், எரிகிற இடத்தில் இன்னும் எரியும். கூடவே டானின் இருக்கிறது. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் இந்தப் பொருள் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் வாய் வறண்டு உரசுகிறது. பாக்கு மென்றாலும், சரியாகப் பழுக்காத நாவல்பழம் தின்றாலும் வாய் பிடிப்பது இதனால்தான். காரம் ஏறிய வாயில் இந்தத் துவர்ப்பு கசப்பாகவே தெரியும். ஒரு வருடம் பீப்பாயில் வைத்துப் பதப்படுத்திய நுணுக்கமெல்லாம் அந்த நேரத்தில் கண்ணில் படாது. பாட்டில் மேல் குறை இல்லை, நேரம்தான் சரியில்லை.

நம் சாப்பாட்டோடு நன்றாகப் போவது குளிர்ச்சி, லேசான இனிப்பு, குறைந்த துவர்ப்பு, அளவான ஆல்கஹால். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் செனின் பிளாங்க்கில் இவை எல்லாமே இருக்கின்றன. பிரான்சின் லுவார் பள்ளத்தாக்குத் திராட்சை இது. சூலா என்ற ஒயின் நிறுவனம் 2000 வாக்கில் நாசிக்கிலிருந்து இதையும் சோவிஞோன் பிளாங்க்கையும் கொண்டுவந்த பிறகுதான் இந்தியாவில் பலரும் வைட் ஒயின் பக்கம் திரும்பினார்கள். கொஞ்சம் இனிப்பு விட்டு எடுக்கும் செனின் பிளாங்க்கை நன்றாகக் குளிரவைத்து பிரியாணி, பள்ளிபாளையம் சிக்கன், மிளகாய் தூக்கலான ஆட்டுக்கறி வறுவல் எதனோடும் குடிக்கலாம். தயிர்ப் பச்சடி செய்கிற வேலையில் பாதியை அது செய்யும்.

புளி சேர்ந்த சாப்பாட்டுக்கு வேறு கணக்கு. புளிக்குழம்பு சாப்பிட்ட வாய்க்கு எந்த ஒயினும் அதன் புளிப்பை இழந்து சப்பென்று தெரியும். அதனால் இயல்பிலேயே புளிப்பு நிமிர்ந்த சோவிஞோன் பிளாங்க் வேண்டும். தேங்காய்ப்பால் ஊற்றிய மீன் மொய்லிக்கு வியோனியேவோ ஷார்டொனேயோ அழகாகச் சேரும், கொழுப்புக்குக் கொஞ்சம் கனமான வைட்தான் ஈடு கொடுக்கும். மத்தி, அயிலை மாதிரி எண்ணெய் மீனோடு மட்டும் ரெட் வேண்டாம். ரெட் ஒயினில் இருக்கும் இரும்புச் சத்து மீன் எண்ணெயோடு சேர்ந்து வாயில் ஒரு பச்சை மீன் வாடையைக் கிளப்பிவிடும். ரசம் ஊற்றிச் சாப்பிடும்போது கிளாஸைத் தள்ளி வைத்துவிடுங்கள், ரசமே போதுமான பானம்.

சரி, இனி முதல் கேள்வி. வித்தியாசம் உண்டா? உண்டு. ஆனால் அதைப் பார்ப்பதற்கு முன் நம் ஊரில் ஒரு தடையைத் தாண்ட வேண்டும். அது வெயில்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்றும், மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் வெயிலும் மீனாட்சிபுரத்தில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒயினுக்குப் பிடித்த சூடு 12 முதல் 15 டிகிரி. 25-க்கு மேல் மாதக்கணக்கில் இருந்தால் வேகமாக மூப்படையும். 35-ஐத் தாண்டினால் சில நாட்களிலேயே பாதி வெந்துவிடும். உள்ளே திரவம் விரிந்து தக்கையை வெளியே தள்ளும், கழுத்தோரம் பிசுபிசுப்பாகக் கசியும். திறந்து பார்த்தால் புதுப் பழ வாசனை போய், ஜாம் காய்ச்சுகிற வாசனை வரும். நிறம் ஓரத்தில் செங்கல் பழுப்புக்குத் திரும்பியிருக்கும். வெந்துபோன மூவாயிரம் ரூபாய்ப் பாட்டில், நன்றாக இருக்கும் எண்ணூறு ரூபாய்ப் பாட்டிலிடம் எந்தப் போட்டியிலும் தோற்கும். "விலை அதிகமானதில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லையே" என்று நம் பக்கத்தில் பலர் சொல்வதற்கு முதல் காரணம் இது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதனால் அந்த ஷிராஸை இன்றைக்கே அலமாரியிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் படுக்கவைத்துவிடுங்கள். சில மாதங்கள் அங்கே இருப்பதால் ஒன்றும் ஆகாது. வருடக்கணக்கில் வைத்தால்தான் ஃபிரிட்ஜின் வறட்சியில் தக்கை சுருங்கும் பயம். திருகுமூடி போட்டதாக இருந்தால் நிற்கவைத்தே வைக்கலாம். சமையலறையில் அடுப்புக்கு மேல் இருக்கும் தட்டு, ஃபிரிட்ஜின் தலை, வெயில் விழும் ஜன்னலோரக் கண்ணாடி அலமாரி, இந்த மூன்றும் ஒயினுக்கு ஆகாத இடங்கள். வெளிச்சமும் கெடுக்கும் என்பதால்தான் பாட்டில் பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கிறது.

வாங்கும்போதே பார்க்க வேண்டியதும் இருக்கிறது. கடைக்குள் வெளிச்சம் நேராக அடிக்கும் இடத்தில் நிற்கும் பாட்டிலை விட்டுவிடுங்கள். தக்கை வாயை விட்டு மேலே எழும்பியிருந்தாலும் விட்டுவிடுங்கள். லேபிளில் அறுவடை வருடம், பாட்டிலில் அடைத்த மாதம் இரண்டையும் படியுங்கள். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் ஒயின் திராட்சையைப் பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை அறுக்கிறார்கள். ஆயிரம் ரூபாய்க்குள் வரும் வைட் என்றால் அறுவடையாகி இரண்டு வருடத்துக்குள் இருப்பது நல்லது. அந்த விலை ரெட்டுக்கு மூன்று. பழையதாக இருந்தால் ருசி கூடும் என்ற நம்பிக்கை இந்த வகைப் பாட்டில்களுக்குப் பொருந்தாது, அவை சீக்கிரம் குடிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. பாட்டிலைக் காரில் வைத்துவிட்டுப் பொள்ளாச்சியில் பகலெல்லாம் வேலை பார்க்காதீர்கள். மூடிய கார் உள்ளே அடுப்பாகிவிடும். சாயங்காலம் வாங்கி நேராக வீட்டுக்கு வாருங்கள்.

இன்னொன்று, மதுவை மாநில எல்லை தாண்டிக் கொண்டுவருவதற்கு இரண்டு பக்கமும் தனித்தனிச் சட்டம். கோவையிலிருந்து வாளையாறு வழியாக எடுத்து வரும் யோசனை வேண்டாம். கேரளத்துக் கடையிலேயே வாங்குங்கள். இங்கே மாதத்தின் 1-ஆம் தேதி பீவரேஜ் கடை (அரசு மதுக்கடை) அடைப்பு என்பதால் விசேஷம் மாத ஆரம்பத்தில் வந்தால் முன்னாலேயே வாங்கிவிட வேண்டும். கேரளத்தில் 23 வயது ஆகாதவர்களுக்கு மது கொடுக்கக் கூடாது என்பதையும், வீட்டுக்கு வரும் தம்பி தங்கைகளை வைத்துச் சொல்கிறேன், மறக்க வேண்டாம்.

அடுத்தது ஊற்றும்போது இருக்க வேண்டிய குளிர். "ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும்" என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த அறை ஐரோப்பியக் குளிர்காலத்துக் கல் வீடு, 16-லிருந்து 18 டிகிரி. நம் கூடத்தில் மே மாத இரவு 30. அந்தச் சூட்டில் ரெட்டை ஊற்றினால் ஆல்கஹால் ஆவிதான் முதலில் மூக்கில் ஏறும், பழம் பின்னால் ஒளிந்துகொள்ளும். நம் ஊர்க் கணக்கு இப்படி இருக்கட்டும்: ரெட் வெளியே இருந்தால் அரை மணி நேரம் முதல் முக்கால் மணி நேரம் வரை ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜிலேயே இருந்தால் ஊற்றுவதற்கு இருபது நிமிடம் முன்னால் எடுங்கள். வைட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றலாம், கிளாஸில் இருக்கும்போதே 10 டிகிரிக்கு வந்துவிடும். நுரைக்கும் ஸ்பார்க்ளிங் ஒயின் நன்றாகச் சில்லென்று இருக்க வேண்டும், 6 முதல் 8. ரெட்டில் ஐஸ் கட்டி போடுவதைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் நாளில் மட்டுமாவது வேண்டாம். குளிர் அதிகமானால் துவர்ப்பும் புளிப்பும் தூக்கலாகி வாசனை அடங்கிவிடும், ஐஸ் கரைந்தால் தண்ணீரும் சேரும்.

கிளாஸ் விஷயத்தில் செலவு வேண்டாம். வயிறு அகலமாகவும் வாய் கொஞ்சம் குறுகியும் இருக்கும் கண்ணாடிக் கிளாஸ் ஒரே மாதிரி நான்கைந்து இருந்தால் போதும். ஸ்டீல் டம்ளரில் நிறம் தெரியாது, வாய் விரிந்திருப்பதால் வாசனையும் நிற்காது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மீதி இடம் வாசனைக்கு.

வாசனை என்றதும் பலர் தயங்குகிறார்கள். "பிளாக்பெர்ரி, சீடர் மரம் என்று எழுதியிருக்கிறார்கள், நாங்கள் அதையெல்லாம் பார்த்ததே இல்லையே" என்று உங்கள் மனைவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அவர் பார்க்க வேண்டியது சமையலறை அஞ்சறைப் பெட்டியை. ஷிராஸில் வரும் மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள். 2008-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அதைக் கண்டுபிடித்தபோது, கருமிளகின் வாசனைக்கும் அதே பொருள்தான் காரணம் என்று தெரிந்தது. இடுக்கி மலை மிளகும் நாசிக் ஷிராஸும் ஒரே மணத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை தெரியவே தெரியாது என்பதும் அப்போது தெரியவந்த விஷயம். அதனால் உங்களுக்கு மிளகு தெரிந்து அவருக்குத் தெரியாமல் போனால் சண்டை போட வேண்டாம், இரண்டு பேரும் சரி.

கிராம்பில் இருக்கும் யூஜினால் ஓக் மரத்திலும் இருக்கிறது, பீப்பாயில் வைத்த ஒயினில் கிராம்பு மணப்பது அதனால். வனிலாவும் அந்த மரத்திலிருந்து வருவதுதான். கேபர்நே சோவிஞோனிலும் சோவிஞோன் பிளாங்க்கிலும் பச்சைக் குடைமிளகாய் வாசனை வரும், இரண்டிலும் இருப்பது பைரசின் என்ற ஒரே வகைப் பொருள். மல்லி விதையை நசுக்கினால் எழும் மணத்தில் பெரும்பங்கு லினலூல், மஸ்கட் வகைத் திராட்சையின் மணமும் அதுவே. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நம் சந்தைக்கு வரும் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் வகைதான், 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதை மோந்து பார்த்தவருக்கு மஸ்கட் ஒயின் புதிது கிடையாது. மாறாக, மலிவான இனிப்பு ஒயின்களில் வரும் அந்தத் திராட்சை மிட்டாய் வாசனை பெங்களூர் ப்ளூ திராட்சையினுடையது. அமெரிக்க வகையின் ரத்தம் கலந்த பழம் அது, ஐரோப்பிய ஒயின் திராட்சையில் அந்த மணம் இருக்காது.

ஒரு சாயங்காலம் இப்படிச் செய்யுங்கள். மிளகு, கிராம்பு, மல்லி, ஒரு துண்டுப் பட்டை, நறுக்கிய குடைமிளகாய், கொய்யா, நாவல்பழம் கிடைத்தால் அதுவும், ஒவ்வொன்றையும் சின்னக் கிண்ணத்தில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மோந்து பேர் சொல்லுங்கள். அப்புறம் வழக்கமான பாட்டிலைத் திறந்து அதில் எது இருக்கிறது என்று தேடுங்கள். பிளாக்பெர்ரி என்று சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. நாவல்பழம் என்று சொன்னால் நம் ஊரில் எல்லோருக்கும் புரியும், அதுவே சரியான சொல்.

இப்போது ஒப்பீடு. நிறைய பேர் தவறவிடுவது இங்கேதான்: போன மாதம் குடித்த வைட்டையும் இந்த மாதம் குடிக்கும் ரெட்டையும் மனதில் வைத்து ஒப்பிடுகிறார்கள். நாக்குக்கு அவ்வளவு ஞாபகம் கிடையாது. இரண்டும் ஒரே மேஜையில், ஒரே நேரத்தில், ஒரே குளிரில் இருக்க வேண்டும். திராட்சையும் ஒன்றாக இருந்தால் உத்தமம், முடிந்தால் தயாரிப்பாளரும் ஒருவரே. உங்களிடம் இருப்பது ஷிராஸ் என்பதால் அதே நிறுவனத்தின் சாதாரண ஷிராஸையோ ஷிராஸ் கேபர்நே கலவையையோ பக்கத்தில் வையுங்கள். சூலாவில் ஷிராஸ் கேபர்நே ஒரு படி, திண்டோரி ரிசர்வ் ஷிராஸ் அதற்கு மேல், ராசா அதற்கும் மேல். குரோவரில் சாதாரண கேபர்நே ஷிராஸும் அதற்கு மேல்படியாக லா ரிசர்வும் இருக்கின்றன. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடிவாரத்தில் 1988-இல் தொடங்கிய தோட்டம் அது. சோலாப்பூர் மாவட்டத்து ஃபிராடெல்லி நிறுவனத்தில் சாஞ்சியோவேசி என்ற திராட்சையின் ரெட்டும், அதோடு கேபர்நே கலந்த செட்டேயும் கிடைக்கும். இந்த மாதிரி ஜோடி வைத்துக் குடித்தால், விலை கூடும்போது என்ன கூடுகிறது என்பது மட்டும் தனியாகத் தெரியும். இத்தாலி பாட்டிலையும் நாசிக் பாட்டிலையும் வைத்தால் ஊர், திராட்சை, வருடம், இறக்குமதி வரி எல்லாம் சேர்ந்து குழப்பும்.

அப்புறம் பாட்டிலை மறைக்க வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன். 2001-இல் பிரான்சின் போர்டோவில் 54 மாணவர்களுக்கு, மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வைட் ஒயினைக் கொடுத்தார்கள். ஒயின் படிக்கும் அந்த மாணவர்கள் ரெட் ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளையே அதற்கும் எழுதினார்கள். கண் சொன்னதை மூக்கு கேட்டுக்கொண்டது. 2008-இல் கலிஃபோர்னியாவில் நடந்த இன்னொரு ஆய்வில் ஒரே ஒயினை ஒரு முறை 10 டாலர் என்றும் இன்னொரு முறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்றபோது அதிகம் பிடித்தது. சும்மா பேச்சுக்கும் சொல்லவில்லை, மூளையில் இன்பத்தைப் பதிவு செய்யும் பகுதியே அதிகம் வேலை செய்ததை ஸ்கேனில் பார்த்தார்கள். ஆக, விலை தெரிந்தால் விலையையும் சேர்த்துத்தான் குடிக்கிறோம். கல்யாண நாளுக்கு அது நல்லதே, அந்த இன்பமும் உண்மையான இன்பம்தான். ஆனால் ஒயினில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் லேபிள் கண்ணில் படக் கூடாது.

செய்முறை எளிது. இரண்டு பாட்டிலையும் நாளிதழில் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். உங்கள் மனைவி உள்ளே போய் மூன்று கிளாஸில் ஊற்றட்டும்: இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் மற்றது. எதில் எது என்று அவர் மட்டும் குறித்துக்கொள்ளட்டும். மூன்றில் தனித்து நிற்பது எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். அடுத்த சுற்றில் நீங்கள் ஊற்றுங்கள், அவர் சொல்லட்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வரும் என்பதால் ஒரு சுற்றோடு முடிவு செய்யாதீர்கள். ஐந்து சுற்றில் நான்கு சரியாக வந்தால், அது வெறும் அதிர்ஷ்டமாக இருப்பதற்கு நூற்றில் ஐந்துக்கும் குறைந்த வாய்ப்புத்தான். கிளாஸுக்கு 15 மில்லி போதும். அதையும் விழுங்காமல் ஒரு சொம்பில் துப்பிவிடலாம், ஒயின் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் அநாகரிகம் எதுவும் இல்லை. விழுங்கிக்கொண்டே போனால் மூன்றாவது சுற்றில் எல்லாமே நன்றாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

சுற்றுக்கு நடுவில் தண்ணீரும் வெறும் அரிசிப் பொரியும் வைத்துக்கொள்ளுங்கள். உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் இல்லாததால் பொரி மாதிரி வாயைச் சுத்தமாக்கும் பண்டம் இல்லை. நேந்திரங்காய் சிப்ஸ் கிண்ணத்தைக் கண்ணில் படாமல் வையுங்கள், உப்பும் எண்ணெயும் மோசமான ரெட்டையும் நல்லதாகக் காட்டிவிடும். காப்பி குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். ஊதுபத்தி வேண்டாம். அந்த நேரத்துக்கு மட்டும் மல்லிகைப் பூவும் வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை. ஆனால் மல்லிகை இருக்கும் கூடத்தில் வேறு எந்த மணமும் நிற்காது. சோதனையை முந்தின வாரம் வைத்துக்கொள்ளுங்கள், கல்யாண நாளன்று பூ தாராளமாக இருக்கட்டும்.

முந்தின வாரம் என்றால் விசேஷப் பாட்டில் முன்கூட்டியே திறந்துபோய்விடுமே என்று யோசிப்பீர்கள். சோதனைக்கு நடுப்படிப் பாட்டில் ஒன்றை வாங்குங்கள், திண்டோரி ரிசர்வ் மாதிரி. வழக்கமானதற்கும் அதற்கும் வித்தியாசம் பிடிபட்டுவிட்டால், மேல்படிப் பாட்டிலைக் குடிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தே குடிப்பீர்கள். பிடிபடவில்லை என்றாலும் அதுவும் நல்ல செய்திதான்: அடுத்த முறை அந்தப் பணத்தில் இரண்டு மூன்று வேறு திராட்சைகளை வாங்கலாம், அதில் கற்றுக்கொள்வது அதிகம்.

என்ன கவனிப்பது? "நன்றாக இருக்கிறது, இல்லை" என்பதைவிட எளிதாக அளக்கக்கூடிய சில விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, விழுங்கிய பிறகு ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது. மனதுக்குள் எண்ணுங்கள். வழக்கமான ரெட் ஐந்தாறு எண்ணுவதற்குள் மறைந்துவிடும். நல்லது பதினைந்து, இருபது வரை போகும், அதுவும் ஒரே ருசியாக நிற்காமல் பழத்தில் தொடங்கி மிளகுக்கும் மரத்துக்கும் மாறிக்கொண்டே போகும். என் கணக்கில் விலைக்கும் தரத்துக்கும் உள்ள உறவை இதைவிட நேர்மையாகக் காட்டும் அளவு வேறில்லை. அடுத்தது துவர்ப்பின் தன்மை. இரண்டிலும் துவர்ப்பு இருக்கும். ஒன்றில் அது ஈறில் உப்புத்தாளாக உரசும், மற்றதில் நாக்கு முழுக்கச் சன்னமாகப் பரவும். அளவைப் பார்க்காதீர்கள், எப்படிப் படிகிறது என்று பாருங்கள். மூன்றாவது, கிளாஸில் அரை மணி நேரம் விட்டுவிட்டுத் திரும்ப மோந்தால் என்ன ஆகிறது என்பது. சாதாரண ஒயின் முதல் மோப்பிலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடும். பீப்பாயில் இருந்தது காற்றுப்படப் படத் திறக்கும்.

வைட் ஒயின் என்றால் இந்த வித்தியாசம் குறைவு. அங்கே அதிக விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் மரமும் கனமும், நம் வெயிலுக்கு அவை இரண்டும் அவ்வளவாகத் தேவையில்லை. வைட்டுக்கு விலை ஏறுவதைவிடப் புதிய வருடமாக இருப்பது முக்கியம்.

அதிக விலை எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால் எதற்குக் கொடுப்பது, எதற்கு வேண்டாம் என்பது புரியும். மேல்படி ஒயினுக்குத் தோட்டத்தில் நல்ல பாத்தியை ஒதுக்கி, கொடியில் குலைகளைக் குறைத்து, மிச்சம் இருப்பதில் சாரம் சேர விடுகிறார்கள். ஏக்கருக்கு விளைச்சல் குறைகிறது. பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஒன்று 225 லிட்டர், சுமார் 300 பாட்டில். புதுப் பீப்பாய் பல பத்தாயிரம் ரூபாய், இரண்டு மூன்று தடவைக்கு மேல் அதில் மரத்தின் மணம் அவ்வளவாக இருக்காது. ஒரு வருடமோ அதற்கு மேலோ சரக்கு விற்காமல் நிற்பதும் செலவு. இதெல்லாம் கிளாஸில் தெரியும் செலவுகள். கனமான பாட்டில், ஆழமான அடிக்குழி, தங்க எழுத்து, மரப்பெட்டி ஆகியவை கிளாஸுக்குள் வராது. வரியும் வராது. இறக்குமதிப் பாட்டிலில் கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்துதான் நீங்கள் கொடுக்கும் விலை. அதனால் மூவாயிரத்துக்கு வாங்கும் வெளிநாட்டு ஒயின் அதன் ஊரில் சாதாரண நாள் ஒயினாக இருக்கலாம். அதே காசுக்கு இந்தியத் தயாரிப்பாளரின் மேல்படிப் பாட்டில் கிடைக்கும். நம் நிலைமையில் விசேஷத்துக்கு இந்தியப் பாட்டில்தான் என் தேர்வு. ஊர்ப்பற்றை விடுங்கள், கணக்கே அப்படித்தான் வருகிறது.

கிறிஸ்துமஸுக்குக் கொழிஞ்சாம்பாறைச் சொந்தக்காரர் வீட்டிலிருந்து வரும் பரணி ஒயினையும் இதில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். திராட்சை, சர்க்கரை, கோதுமை, பட்டை, கிராம்பு போட்டு மூன்று வாரம் ஊறும் அந்த ஒயினுக்கு அதன் இடம் உண்டு, பிளம் கேக்கோடு அதற்கு ஈடு இல்லை. ஆனால் அதிலிருக்கும் சர்க்கரைக்குப் பக்கத்தில் எந்த நல்ல ரெட்டும் புளித்த தண்ணீராகத் தெரியும், ஒப்பீட்டுக்கு ஆகாது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது கேரள அப்காரி சட்டப்படி குற்றம் என்பதையும் அவருக்கு நல்லவிதமாகச் சொல்லி வையுங்கள்.

கல்யாண நாளுக்கு வருவோம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஷிராஸைத் திறந்து ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி வையுங்கள். மோந்து பாருங்கள்: ஈரமான அட்டைப்பெட்டி, பூஞ்சணம் பிடித்த சாக்கு வாசனை வந்தால் தக்கைக் கோளாறு, காற்றாட விட்டாலும் சரியாகாது. பாட்டிலைக் கடையில் கேட்டுப் பாருங்கள், மாற்றித் தந்தால் அதிர்ஷ்டம். நன்றாக இருந்தால் ஆறரைக்கு முதல் கிளாஸ். தொட்டுக்கொள்ள மிளகாய் சேராத எதுவும் சரி: வறுத்த முந்திரி, நெய்யும் மிளகும் மட்டும் போட்டு மெதுவாகச் சுருட்டிய ஆட்டுக்கறி. மிளகு ஷிராஸின் மிளகைத் தூக்கிக் கொடுக்கும், கறியின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பை வாங்கிக்கொள்ளும். பிரியாணி எட்டு மணிக்கு வரட்டும், அப்போது குளிர்ந்த செனின் பிளாங்க்குக்கு மாறிவிடுங்கள். பாயசத்தோடு ஒயின் வேண்டாம், அந்த இனிப்புக்கு முன் எதுவும் நிற்காது. வெளியே போகும் வேலை இருந்தால் வண்டிச் சாவி அன்றைக்கு வேறு ஆள் கையில் இருக்கட்டும். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகுதான் குடிக்க வேண்டும், கர்ப்பமாக இருப்பவர்கள் குடிக்கவே கூடாது.

750 மில்லி பாட்டில் ஐந்து கிளாஸ். இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு பாட்டிலையும் ஒரே இரவில் முடிக்க வேண்டாம், முடிக்கவும் முடியாது. ஷிராஸ் பாதி மிஞ்சினால் அதை 375 மில்லி பாட்டில் ஒன்றில், உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் கழுத்து வரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும். வைட்டும் அப்படியே மூன்று நாள். மறுநாள் மாலை அந்த ஷிராஸில் அரை கிளாஸை ஊற்றி, குளிர் கொஞ்சம் தணிந்ததும் குடித்துப் பாருங்கள். நன்றாகச் செய்த ரெட் இரண்டாம் நாள் பெரும்பாலும் கெடாது, சில சமயம் முதல் நாளைவிடத் தெளிவாகவே இருக்கும். வழக்கமான பாட்டிலில் மிஞ்சியதையும் அதே மாதிரி வைத்திருந்தால் பக்கத்தில் ஊற்றி ஒப்பிடுங்கள். அதில் பழம் வாடிப் புளிப்பு மட்டும் நின்றால், விலையில் இருந்த வித்தியாசம் எங்கே போனது என்று அப்போதும் தெரியும்.